போன கப்பல், வந்த கப்பல்: பெல்ஜியத்தில் ஆறு நாள்

முதல் நாள், பிரசல்ஸ்

காலை ஏழு மணிக்கு விமானம் இறங்கியபோது மழை தூறிக்கொண்டிருந்தது. மகள் கையில் கனத்த மேலங்கியோடு நின்றாள். "கிள்ளான் வெயில்ல இருந்து வர்றீங்க, முதல்ல இதைப் போட்டுக்குங்கம்மா." லூவனில் ஆராய்ச்சிப் படிப்புக்காக வந்து இரண்டு வருஷமாகிறது. இந்த ஆறு நாளும் எனக்காக விடுப்பு எடுத்திருக்கிறாள்.

மலேசியாவின் கிள்ளான் துறைமுகத்தில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் 31 ஆண்டு வேலை பார்த்தவள் நான். எந்தக் கப்பலில் என்ன ஏறியது, என்ன இறங்கியது, யார் பெயருக்கு, எத்தனை டன் என்று சரக்குப் பட்டியல் பார்ப்பதுதான் வேலை. என் பாட்டி சிலாங்கூரில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். இந்த இரண்டு காரணத்தாலும் ஆப்பிரிக்காவிலுள்ள காங்கோவின் கதை வெகுநாளாக என் மனத்தில் கிடக்கிறது. ரப்பருக்காக நடந்த கொடுமை அது. அதைக் கப்பல் கணக்கிலிருந்து கண்டுபிடித்தவர் ஓர் அலுவலக எழுத்தர். ஓய்வு பெற்றதும் பெல்ஜியம் போய்ப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். வந்துவிட்டேன்.

பெட்டியை வைத்துவிட்டு மாலையில் அரண்மனைப் பக்கம் போனோம். அரண்மனையை ஒட்டிய சதுக்கத்தில் பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்ட் குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறார். நீண்ட தாடி, நிமிர்ந்த முதுகு. 2020 ஜூனில் இந்தச் சிலைமேல் சிவப்புச் சாயம் பூசப்பட்ட படங்களை உலகமே பார்த்தது. பீடத்தில் உள்ள சிறு பலகையை மகள் படித்துச் சொன்னாள். சிலைக்கான செம்பும் தகரமும் பெல்ஜியக் காங்கோவிலிருந்து வந்தவை. அங்குள்ள கட்டங்கா பகுதியின் சுரங்க நிறுவனம் விலையில்லாமல் கொடுத்தது. அந்த உலோகத்தைத் தோண்டியவர்கள் யார் என்று பலகையில் இல்லை.

இதே அரண்மனையில் 1876 செப்டம்பரில் லியோபோல்ட் ஒரு மாநாடு கூட்டினார். புவியியலாளர்களும் பயணிகளும் கொடையாளர்களும் வந்திருந்தார்கள். தொடக்க உரையில் அவர் சொன்னதன் சாரம் இது: உலகில் நாகரிகம் இன்னும் நுழையாத ஒரே பகுதியை அதற்குத் திறந்துவிடுவது, முழு இனங்களைச் சூழ்ந்திருக்கும் இருளைக் கிழிப்பது, இந்த முன்னேற்ற நூற்றாண்டுக்குத் தகுந்த சிலுவைப் போர். கேட்டவர்கள் நெகிழ்ந்திருப்பார்கள். அந்த உரையில் ரப்பரும் இல்லை, தந்தமும் இல்லை. ஒன்பது ஆண்டுக்குள், பெல்ஜியத்தைப் போல 75 மடங்குக்கு மேல் பெரிய ஒரு நாடு அந்த ஒரு மனிதரின் சொந்தச் சொத்தாகிவிட்டது. பெல்ஜிய அரசின் சொத்துகூட இல்லை. அவருடையது.

தூக்கம் கண்ணைக் கட்டுகிறது. மற்றதை நாளை எழுதுகிறேன்.

இரண்டாம் நாள், வளைவும் கல்வெட்டும்

சங்காண்டனேர் பூங்காவின் மூன்று வாயில் வளைவைப் பிரசல்ஸ் படம் போட்ட எந்த அஞ்சலட்டையிலும் பார்க்கலாம். 1905இல் கட்டி முடித்தார்கள். தனியார் கொடையாளர்களின் பணம் என்று அப்போது சொல்லப்பட்டது. உண்மையில் அவர்கள் பெயரளவுக்கு நிறுத்தப்பட்டவர்கள். பின்னால் இருந்தது லியோபோல்டின் பணம். அவருக்கு அந்த ஆண்டுகளில் பணம் எங்கிருந்து வந்தது என்பதில் மர்மம் ஏதுமில்லை.

நான் பார்க்க வந்தது வளைவை அல்ல. பூங்காவின் ஓர் ஓரத்தில், மரங்களுக்குள், காங்கோ சென்ற பெல்ஜிய முன்னோடிகளுக்கு 1921இல் எழுப்பிய வெள்ளைக்கல் நினைவுச்சின்னம் இருக்கிறது. மேலே பெல்ஜியம் ஒரு பெண்ணாக நிற்கிறாள். கீழே காங்கோ மக்களும் படைவீரர்களும். லியோபோல்டின் வாசகம் ஒன்றையும் பொறித்திருக்கிறார்கள்: நாகரிகத்தின் பொருட்டும் பெல்ஜியத்தின் நன்மைக்காகவும் காங்கோ பணியை மேற்கொண்டேன். இது 1906இல் அவர் எழுதியது. அதற்கு முந்தைய ஆண்டுதான் அவரே அமைத்த விசாரணைக் குழு, காங்கோவில் நடந்த கொடுமைகள் உண்மை என்று அறிக்கை கொடுத்திருந்தது.

இன்னொரு பக்கத்தில், அடிமை வணிகம் செய்த அராபியரைப் பெல்ஜியப் படைவீரம் ஒழித்தது என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறது. 'அராபியர்' என்ற சொல்லைச் சிலர் செதுக்கி அழிப்பதும், வேறு சிலர் திரும்பப் பொறிக்கச் சொல்வதுமாகப் பல ஆண்டு இழுபறி நடந்திருக்கிறது. சண்டை முழுவதும் அந்த ஒரு சொல்மேல். எனக்கோ அந்த வரி சொல்லும் கதையே முழுதாக இல்லை என்று பட்டது. கிழக்குக் காங்கோவில் அடிமை வணிகம் நடந்தது உண்மை. 1892 முதல் 1894 வரை அவ்வணிகர்களோடு போர் நடந்ததும் உண்மை. ஆனால் 1887இல், அவ்வணிகர்களிலேயே பெரும்புள்ளியான திப்பு திப்பை ஸ்டான்லி அருவிப் பகுதிக்கு ஆளுநராக நியமித்தவரும் இதே லியோபோல்ட்தான். அன்று அந்த ஆள் தேவைப்பட்டார். 1889இல் பிரசல்ஸில் அடிமை ஒழிப்பு மாநாடு கூட்டியபோது லியோபோல்ட் முன்வரிசையில் இருந்தார். ஒழிப்பதற்குச் செலவாகும் என்று சொல்லி, காங்கோவில் இறக்குமதி வரி விதிக்கும் உரிமையை அந்த மாநாட்டிலேயே வாங்கிக்கொண்டார். முன்பு பெர்லினில் தடையற்ற வணிகம் என்று வாக்குக் கொடுத்திருந்தவர் அவர்.

பெர்லின் மாநாட்டையும் சொல்லிவிட வேண்டும். 1884 நவம்பர் முதல் 1885 பிப்ரவரி வரை 14 நாடுகள் உட்கார்ந்து ஆப்பிரிக்காவைப் பற்றிப் பேசின. ஓர் ஆப்பிரிக்கர்கூட இல்லை. அந்த ஒப்பந்தத்தின் ஆறாம் பிரிவு, நாட்டு மக்களின் ஒழுக்க நலத்தையும் வாழ்க்கை நலத்தையும் பேணுவோம், நாகரிகத்தின் நன்மைகளை அவர்களுக்குப் புரியவைப்போம் என்கிறது. நலத்தைப் பேணப்போகிறவர்கள் எழுதிக் கையெழுத்திட்ட தாள் அது. யார் நலமோ அவர்கள் கையெழுத்து அதில் இல்லை. சரக்கை அனுப்பியவர் கையெழுத்தும் பெற்றவர் கையெழுத்தும் இல்லாத ரசீதை எங்கள் அலுவலகத்தில் யாரும் தொடமாட்டோம்.

மூன்றாம் நாள், டெர்வூரன்

44ஆம் எண் டிராம் அழகான பாதையில் போகிறது. பெரிய சாலை, பிறகு அடர்ந்த காடு, கடைசி நிறுத்தம் டெர்வூரன். இந்தச் சாலையே 1897 உலகக் கண்காட்சிக்காகப் போட்டது.

அந்தக் கண்காட்சியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நாங்கள் முதலில் இங்குள்ள ஆப்பிரிக்க அருங்காட்சியகத்துக்குப் போகவில்லை. ஊருக்குள் இருக்கும் தூய யோவான் தேவாலயத்துக்குப் போனோம். வெளிச்சுவரை ஒட்டி ஏழு கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. ஏக்கியா, கெம்பா, கிட்டுக்வா, ம்பெயா, ஸாவோ, சம்பா, மிபாங்கே. 1897 கோடையில் லியோபோல்ட் 267 காங்கோ மக்களைக் கப்பலில் வரவழைத்தார். பூங்காவின் குளக்கரையில் குடிசை போட்டுக் 'கிராமம்' அமைத்து அவர்களை உட்காரவைத்தார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அந்தக் கோடை குளிரும் மழையுமாக இருந்தது. ஏழு பேர் காய்ச்சல் கண்டு இறந்தார்கள். முதலில் அவர்களைப் புனித நிலத்தில் புதைக்கவில்லை. 1953இல்தான் இங்கே கொண்டுவந்தார்கள்.

குளக்கரையில் பகலெல்லாம் உட்காரவைக்கப்பட்டவர்களோடு, தனியாக இன்னொரு கூட்டமும் அந்தக் கண்காட்சியில் இருந்தது. பெல்ஜியப் பாதிரியார் ஒருவரின் பள்ளியில் படித்த காங்கோ சிறுவர் சிறுமியர். ஐரோப்பிய உடை உடுத்தி, பாடம் ஒப்பித்து, பாட்டுப் பாடிக் காட்டினார்கள். இந்தப் பக்கம் 'முன்பு', அந்தப் பக்கம் 'பின்பு'. பார்க்க வந்தவர்கள் நடந்து கடக்கும் தூரத்துக்குள் முழு வாதமும் முடிந்துவிடுகிறது: இவர்கள் இப்படி இருந்தார்கள், நாம் இப்படி ஆக்கினோம், ஆகவே நாம் அங்கே இருக்கத்தான் வேண்டும். குளக்கரையில் உட்கார்ந்தவர்கள் தங்கள் ஊரில் யாராக இருந்தார்கள் என்று ஒருவரும் கேட்டிருக்கமாட்டார்கள். கேட்டால் வாதம் குலைந்துவிடும்.

கல்லறைகளுக்கு முன்னால் நெடுநேரம் நின்றோம். மகள் ஒவ்வொரு பெயரையும் மெல்ல வாய்விட்டுப் படித்தாள். பூ வாங்கி வந்திருக்கலாமே என்று அப்போதுதான் தோன்றியது.

அருங்காட்சியகக் கட்டடம் 1910இல் திறக்கப்பட்டது. லியோபோல்ட் அதைப் பார்க்காமல் முந்தைய ஆண்டே இறந்துவிட்டார். ஐந்தாண்டு மூடி, திருத்தி அமைத்து, 2018 டிசம்பரில் மறுபடி திறந்தார்கள். நுழைவு புதுக் கண்ணாடிக் கட்டடம் வழியாக, நிலத்தடி நடையில். அங்கே ஒரே மரத்தில் குடைந்த, 22 மீட்டருக்கு மேல் நீளமான தோணி கிடக்கிறது. சுவரில், எல்லாம் கடந்துபோகும், கடந்தகாலத்தைத் தவிர என்ற பொருளில் ஒரு வாசகம். தோணியின் பக்கவாட்டில் உளிச் செதுக்கு அலையலையாகத் தெரிகிறது. இப்படி ஒரு தோணியைச் செய்யத் தெரிந்தவர்களுக்கு இருள் என்ற ஒரு சொல்லைத்தான் அரண்மனை மாநாடு கொடுத்தது.

பிறகு பழைய கட்டடத்தின் வட்டக்கூடம். பளிங்குத் தரை, உயர்ந்த குவிமாடம், எங்கு பார்த்தாலும் லியோபோல்டின் இரட்டை 'எல்' முத்திரை. மாடங்களில் பொன்பூசிய சிலைகள். ஒன்றின் பெயர் 'பெல்ஜியம் காங்கோவுக்கு நாகரிகத்தைக் கொண்டுவருகிறது'. மற்றவை பாதுகாப்பைக் கொண்டுவருகின்றன, நல்வாழ்வைக் கொண்டுவருகின்றன. ஐரோப்பிய உருவம் உயரமாக, பொன்னாக. அண்ணாந்து பார்க்கும் ஆப்பிரிக்க உருவங்கள் சிறியவையாக. சிறுவயதில் தோட்டத்துப் பள்ளியில் பார்த்த ஒரு படம் நினைவுக்கு வந்தது. வெள்ளைத்துரை ஒருவர் நடுவில் நிற்க, சுற்றிலும் தொழிலாளிப் பிள்ளைகள். எங்களில் யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை. உருவத்தின் அளவிலேயே ஒரு செய்தி இருப்பதும், அதைப் பிள்ளைக்கண் கேள்வியில்லாமல் விழுங்கிவிடுவதும் இப்போது நினைத்தால் நடுக்கமாக இருக்கிறது.

கட்டடம் பாதுகாக்கப்பட்ட மரபுச்சின்னம் என்பதால் சிலைகளைச் சட்டப்படி அகற்ற முடியவில்லை. ஆகவே காங்கோவில் பிறந்த சிற்பி எமே ம்பானேயின் பெரிய மரத்தலை ஒன்றைக் கூடத்தில் வைத்திருக்கிறார்கள். அவரும் பெல்ஜியக் கலைஞர் ஒருவரும் சேர்ந்து, சிலைகளுக்கு முன்னால் மெல்லிய திரைகளில் வேறு படங்களைத் தொங்கவிட்டார்கள். திரை வழியாகப் பொற்சிலையும் தெரியும், அதன்மேல் படிந்து இன்னொரு உண்மையும் தெரியும். இது போதுமா என்று மகளுக்கும் எனக்கும் வாக்குவாதம். "எடுத்துட்டா, இப்படி ஒண்ணு இருந்துச்சுன்னே அடுத்த தலைமுறைக்குத் தெரியாமப் போயிடும்மா" என்றாள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. சில சிலைகளை நிலவறை அறை ஒன்றில் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். பொன்பூசியவற்றுக்கும் அதுதான் இடம் என்பது என் எண்ணம்.

என்னை மிகவும் உலுக்கியது வேறொரு நடைக்கூடம். சுவர் முழுக்க 1,508 பெயர்கள். 1876 முதல் 1908 வரை காங்கோவில் இறந்த பெல்ஜியர்கள். இறந்த காங்கோ மக்களில் ஒருவர் பெயரும் அந்தச் சுவரில் இல்லை. காங்கோ கலைஞர் ஃபிரெடி ட்சிம்பா எதிரே இருந்த சன்னல் கண்ணாடிகளில், பெல்ஜியத்தில் இறந்த காங்கோ மக்களின் பெயர்களை எழுதிவைத்தார். வெயில் அடிக்கும்போது அந்தப் பெயர்களின் நிழல் சுவரில் இருக்கும் பெயர்கள்மேல் விழும். நாங்கள் போனபோது வானம் மூடியிருந்தது. காத்திருந்தோம். மூன்றரை மணிக்கு மேகம் சற்று விலகியது. காலையில் கல்லறையில் படித்த பெயர்கள் சுவரில் மங்கலாக ஏறி, ஒரு நிமிடம் நின்று, மறைந்தன.

நான்காம் நாள், ஆண்ட்வெர்ப்

இந்த நாளுக்காகத்தான் நான் வந்தேன்.

ஸ்கெல்ட் ஆறு சாம்பல் நிறத்தில் அகலமாக ஓடுகிறது. கரையில் பழைய இரும்புக் கொட்டகைகள் இன்னும் நிற்கின்றன. 1890களின் பிற்பகுதியில் லிவர்பூலின் எல்டர் டெம்ப்ஸ்டர் கப்பல் நிறுவனத்தின் இளம் எழுத்தர் ஒருவர் இந்தத் துறைக்கு வந்துபோய்க்கொண்டிருந்தார். பெயர் எட்மண்ட் மொரெல். காங்கோவுக்கும் ஆண்ட்வெர்ப்புக்கும் இடையே சரக்கு ஏற்றும் உரிமை அந்த நிறுவனத்திடம் இருந்தது. மொரெலுக்குப் பிரெஞ்சு தெரியும் என்பதால் கணக்குகளைச் சரிபார்க்க அவரை அனுப்பினார்கள்.

அவர் பார்த்தது என்ன? வரும் கப்பல்களில் ரப்பரும் தந்தமும் நிரம்பி வழிந்தன. போகும் கப்பல்களில் படை அலுவலர்கள், துப்பாக்கிகள், தோட்டாக்கள். துணி, உப்பு, பாத்திரம், பணம் என்று அந்த ரப்பருக்கு ஈடாக ஒரு நாடு வாங்கக்கூடிய சரக்கு ஏறக்குறைய எதுவும் போகவில்லை. வெளியிட்ட கணக்கில் இருந்ததைவிடக் கூடுதலாக ரப்பர் வந்துகொண்டிருந்தது. மொரெல் காங்கோவைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் விலை கொடுக்காமல் இவ்வளவு ரப்பர் வருகிறது என்றால், அதை எடுப்பவர்கள் துப்பாக்கி முனையில் எடுக்கிறார்கள் என்பதைத் தவிர வேறு விடை அந்தக் கணக்குக்கு இல்லை.

31 ஆண்டு சரக்குப் பட்டியல் பார்த்த எனக்கு அந்தக் கணம் எப்படி இருந்திருக்கும் என்று தெரியும். விரல் ஒரு வரியில் நிற்கும். மேலே பார்ப்போம், கீழே பார்ப்போம், கூட்டல் சரிதானா என்று மறுபடி பார்ப்போம். கூட்டல் சரியாகவே இருக்கும், ஆனாலும் ஏதோ சரியில்லை. பெரும்பாலோர் அந்த இடத்தில் பக்கத்தைப் புரட்டிவிடுவோம், நானும் புரட்டியிருக்கிறேன். மொரெல் புரட்டவில்லை. மேலிடத்தில் சொன்னார். சம்பளத்தைக் கூட்டி வெளிநாட்டுப் பதவி தருவதாக ஆசை காட்டினார்கள். 1901இல் வேலையை விட்டுவிட்டு, வாழ்நாளில் பத்தாண்டுக்கு மேல் இதற்கே கொடுத்தார்.

காங்கோவில் நடந்ததைச் சுருக்கமாக எழுதுகிறேன். நீட்டி எழுத மனம் வரவில்லை. 1891, 1892இல் போட்ட ஆணைகளின்படி, குடியிருப்பும் பயிரும் இல்லாத நிலமெல்லாம் 'காலி நிலம்', அதன் விளைபொருள் அரசுக்கு. காடு முழுக்கக் காலி என்றாகிவிட்டது. வேட்டைக்கும் விறகுக்கும் மருந்துக்கும் அந்தக் காட்டை ஆண்டவர்கள் தங்கள் காட்டிலேயே திருடர்களானார்கள். காங்கோ ரப்பர் மரத்தில் வருவதல்ல, உயரமாகப் படர்ந்த காட்டுக்கொடியின் பால். அதைத் தேடி ஆண்கள் மாதத்தில் பெரும்பகுதி காட்டில் கிடந்தார்கள். பல இடங்களில் ஓர் ஆளுக்கு இரண்டு வாரத்துக்கு மூன்று, நான்கு கிலோ உலர்ந்த ரப்பர் என்று அளவு. அது வந்துசேரும்வரை பெண்களைப் பிணையாக அடைத்துவைத்தார்கள். அளவு குறைந்தால் நீர்யானைத் தோலில் முறுக்கிய சாட்டை. எதிர்த்த ஊருக்குப் படை. தோட்டா வீணாகவில்லை என்று கணக்குக் காட்டப் படைவீரர்கள் இறந்தவர்களின் வலக்கையை வெட்டிக் கொண்டுவர வேண்டும். கணக்கைச் சரிக்கட்ட உயிரோடிருந்தவர்கள் கையும் வெட்டப்பட்டது.

1904 மே மாதம் பாரிங்கா மிஷனுக்கு ந்சாலா என்பவர் இலையில் பொதிந்த ஒன்றைக் கொண்டுவந்தார். அவருடைய சின்ன மகளின் கையும் பாதமும். ஆலிஸ் சீலி ஹாரிஸ் என்ற மிஷன் பெண்மணி, அவரைத் திண்ணையில் உட்காரவைத்துப் படம் எடுத்தார். நாகரிகப் பணி என்ற சொல்லை நம்பிக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கானவர்களின் முன் அந்தப் படம் கூட்டம் கூட்டமாகத் திரையிடப்பட்டது. அதே ஆண்டு பிப்ரவரியில் பிரிட்டிஷ் தூதர் ரோஜர் கேஸ்மென்ட்டின் அறிக்கை வெளிவந்தது. 1908இல் லியோபோல்ட் காங்கோவைப் பெல்ஜிய அரசிடம் ஒப்படைக்க வேண்டிவந்தது. ஒப்படைக்கும் முன் ஆவணங்களை எட்டு நாள் எரித்தார்.

இத்தனைக்கும் சொல்லப்பட்ட நியாயம் என்ன தெரியுமா? இந்த மக்கள் சோம்பேறிகள், கட்டாய உழைப்புதான் அவர்களுக்குப் பள்ளிக்கூடம், உழைப்பின் புனிதத்தைக் கற்றுக்கொடுக்கிறோம் என்பது. மலாயாவில் பிறந்தவர்களுக்கு இந்தச் சொல் புதிதல்ல. தன் வயலிலும் தன் கடலிலும் பாடுபட்ட மலாய்க்காரர், தோட்டத்தில் கூலிக்கு வர மறுத்ததால் சோம்பேறி எனப்பட்டார். சோம்பேறியின் இடத்தை நிரப்பத்தான் தஞ்சை, சேலம், திருச்சிப் பக்கத்திலிருந்து நம்மவர்களைக் கங்காணிகள் கப்பலேற்றினார்கள். வந்தவர்களுக்கு 'பணிவானவன்' என்று வேறொரு முத்திரை.

1876 என்ற ஆண்டு என்னை விடாமல் துரத்துகிறது. லியோபோல்ட் இருளைக் கிழிப்பதாகப் பேசியதற்கு மூன்று மாதம் முன்பு, அதே ஆண்டு ஜூனில், பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகள் லண்டன் கியூ தோட்டத்துக்கு வந்து சேர்ந்தன. முளைத்த கன்றுகள் இலங்கைக்குப் போயின. அடுத்த ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. மலாயாத் தோட்டங்கள் அந்த வழியில் வந்தவை. தோட்ட ரப்பர் சந்தைக்கு வரச் சில ஆண்டு ஆகும், அதற்குள் காட்டு ரப்பரைச் சுரண்டிவிட வேண்டும் என்பதும் காங்கோ வெறியின் ஒரு காரணம். காங்கோவில் கொடி தீர்ந்தபோது எங்கள் பக்கம் மரம் பால் கொடுக்கத் தொடங்கியிருந்தது. பாட்டி விடியற்காலை பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நின்று, தலையில் விளக்குக் கட்டி, மங்கு மங்காய்ப் பால் சேர்த்த மரங்கள் அந்தக் கன்றுகளின் வழிவந்தவை. தோட்டத்தில் யாரும் கை வெட்டவில்லை. ந்சாலாவின் துயரத்துக்குப் பக்கத்தில் எங்கள் துயரத்தை நிறுத்த நான் வரவில்லை. ஆனாலும் பாட்டியின் விரல் நகங்களில் காய்ந்து ஒட்டியிருந்த ஒட்டுப்பால் இன்றைக்கு அந்த ஆற்றங்கரையில் எனக்கு மணத்தது.

திரும்பும் வழியில் நகரச் சதுக்கம். ராட்சதனின் கையை வெட்டி ஆற்றில் எறிந்த வீரனின் சிலை அங்கே இருக்கிறது. இவ்வூரின் பழங்கதை அது, காங்கோவோடு தொடர்பில்லை. கடைகளில் கை வடிவத்தில் சாக்லேட் விற்கிறார்கள். தொடர்பில்லை என்று தெரிந்தும் என்னால் வாங்க முடியவில்லை.

ஐந்தாம் நாள், ஓஸ்டெண்ட்

ரயிலில் போகும்போது பழைய அலுவலகத் தோழி ஒருவரின் செய்தி வந்தது. நேற்றைய பதிவைப் படித்திருக்கிறார். "அதெல்லாம் சரி அக்கா, ஆனா ரயில் போட்டான், பள்ளிக்கூடம் கட்டினான்ல?" நல்ல மனத்தோடு கேட்கிறார். நம்மில் பலரும் இதைக் கேட்கிறோம், ஆகவே விடையை இங்கேயே எழுதுகிறேன்.

மத்தாடி துறைமுகம் முதல் லியோபோல்ட்வில் (இன்றைய கின்ஷாசா) வரையான ரயில்பாதை 1890இல் தொடங்கி 1898இல் முடிந்தது. அதிகாரபூர்வக் கணக்கின்படியே வெள்ளையரல்லாத 1,800 தொழிலாளர்கள் இறந்தார்கள். காங்கோ ஆறு கடலை நெருங்கும் இடத்தில் அருவியாக இறங்குவதால் அங்கே கப்பல் ஓடாது. ரப்பரையும் தந்தத்தையும் அருவியைத் தாண்டித் துறைமுகத்துக்குக் கொண்டுவர ஒரு வழி தேவை. எதற்காகப் போட்ட பாதை என்று அதில் ஏறிய சரக்கைக் கேட்டால் தெரியும்.

பள்ளிக்கூடத்தைப் பற்றி: விடுதலை வந்த 1960இல் அவ்வளவு பெரிய நாட்டில் காங்கோ பட்டதாரிகள் முப்பது பேர்கூட இல்லை. முக்கால் நூற்றாண்டு நாகரிகப் பணியின் விளைச்சல் அது. தொடக்கக் கல்வி பரவலாக இருந்தது, அதை மறுக்கவில்லை. மேலே போகும் படிக்கட்டு மட்டும் இல்லை.

வெள்ளைத் தந்தைக்கும் கறுப்புத் தாய்க்கும் பிறந்த பிள்ளைகள் கதை இன்னும் வேறு. அவர்கள் தாயோடு வளரக்கூடாது என்று அரசு முடிவுசெய்து, பிடுங்கிக்கொண்டுபோய் மிஷன் இல்லங்களில் விட்டது. அப்படிப் பிடுங்கப்பட்ட ஐந்து பெண்கள், முதிய வயதில், வழக்குப் போட்டார்கள். 2024 டிசம்பரில் பிரசல்ஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மனிதகுலத்துக்கு எதிரான குற்றம் என்று தீர்ப்பளித்தது. 1890இல் காங்கோ போய்ப் பார்த்த கறுப்பு அமெரிக்கர் ஜார்ஜ் வாஷிங்டன் வில்லியம்ஸ், லியோபோல்டின் ஆட்சியைப் பற்றி எழுதிய கடிதமொன்றில் இதே தொடரைக் கையாண்டிருக்கிறார். இடையில் 134 ஆண்டு.

ஓஸ்டெண்ட் கடற்கரைச் சிலையில் லியோபோல்ட் குதிரைமேல் இருக்க, ஒரு பக்கம் காங்கோ மக்கள் நன்றியோடு அண்ணாந்து பார்க்கிறார்கள். 2004இல் அவர்களில் ஒருவரின் வெண்கலக் கையைச் சிலர் அறுத்து எடுத்துப்போனார்கள். கை இல்லாத மணிக்கட்டைப் படம் எடுத்தேன். நகரத்தின் சிலை செய்த பொய்யை அந்த வெட்டு திருத்திவிட்டது. கடற்காற்று பலமாக இருந்ததால் சீக்கிரம் கிளம்பிவிட்டோம்.

ஆறாம் நாள், மத்தோங்கே

பிரசல்ஸின் மத்தோங்கே காங்கோ மக்களின் வட்டாரம். சிகை அலங்காரக் கடைகள், துணிக்கடைகள், வாசலிலேயே கிழங்கும் வாழைக்காயும் கருவாடும். கிள்ளானின் பழைய கடைத்தெருவில் நிற்பது போலவே இருந்தது. வட்டாரத்தின் தலைவாசலில் சிறிய சதுக்கம் ஒன்றுக்கு 2018 ஜூன் 30 முதல், விடுதலை பெற்ற காங்கோவின் முதல் பிரதமர் பத்ரிஸ் லுமும்பாவின் பெயர். பல ஆண்டு கேட்டுக் கேட்டு வாங்கிய பெயர்ப்பலகை.

லுமும்பா அஞ்சலக எழுத்தராக இருந்தவர். 1948 முதலும் பிறகு 1952 முதலும் 'முன்னேறியவர்' என்று சான்று வழங்கும் முறைகள் காங்கோவில் இருந்தன. படித்த காங்கோக்காரர் ஒருவர் விண்ணப்பித்தால் அதிகாரிகள் வீட்டுக்கே வருவார்கள். மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறாரா, கரண்டி முள்கரண்டி இருக்கிறதா, குளியலறை எப்படி இருக்கிறது, மனைவியிடம் எப்படிப் பேசுகிறார் என்று பார்த்துத் தீர்மானிப்பார்கள். ஒரு கோடியைத் தாண்டிய மக்களில் உயர்நிலைச் சான்று சில நூறு பேருக்குத்தான் கிடைத்தது. லுமும்பாவின் விண்ணப்பத்தை முதலில் மறுத்து, 1954இல்தான் கொடுத்தார்கள். வீட்டுக்காரரின் அனுமதியோடு வந்து, அவர் மனைவியின் சமையலறையைத் திறந்து பார்க்கும் அந்த அதிகாரியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசுகிறது. சாட்டையைவிட இது சிறிய விஷயம்தான். ஆனால் சாட்டை எங்கிருந்து வந்ததோ அங்கிருந்துதான் இந்தப் பட்டியலும் வந்தது. அளவுகோல் எப்போதும் அவர் கையில், அளக்கப்படுவது எப்போதும் இவர்.

1960 ஜூன் 30 அன்று விடுதலை விழாவில் பெல்ஜிய மன்னர் போதுவென், காங்கோவின் விடுதலை லியோபோல்டின் மேதைமை கருக்கொண்ட பணியின் நிறைவு என்று பேசினார். நிகழ்ச்சி நிரலில் இல்லாத பிரதமர் லுமும்பா எழுந்தார். நாங்கள் பட்ட ஏளனமும் வசையும் அடியும் என்று அடுக்கிக்கொண்டே போனவர், ஓரிடத்தில் கறுப்பரை 'நீ' என்று அழைத்ததைச் சொன்னார். நண்பனை அழைப்பது போன்ற 'நீ' அல்ல. மரியாதையான 'நீங்கள்' வெள்ளையருக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்டிருந்ததால் வந்த 'நீ'.

இதை ஆங்கிலத்தில் படித்தால் பாதிதான் புரியும். தமிழருக்கு விளக்கமே வேண்டாம். எங்கள் தாத்தாவை, பேரப்பிள்ளை எடுத்த மனிதரை, இருபத்திரண்டு வயது சின்னத் துரை தோட்டத்துத் தமிழில் 'டேய்' என்று கூப்பிடுவார். துரைமார் மொழி கற்றுக்கொண்டபோது அந்தச் சொல்லைத்தான் முதலில் கற்றார்கள் போலும். 'நீங்க' என்ற சொல் நம் மொழியில் இருப்பதே அவர்களில் பலருக்குத் தெரியாமல் போயிருக்கலாம். தாத்தா எங்களிடம் இதைக் கோபமாகச் சொன்னதில்லை. சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஏழு மாதத்துக்குள், 1961 ஜனவரி 17 அன்று, லுமும்பா கட்டங்காவில் சுட்டுக் கொல்லப்பட்டார். உடலை அமிலத்தில் கரைத்தார்கள். கரைத்தவர்களில் ஒருவரான பெல்ஜியக் காவல் அதிகாரி வைத்துக்கொண்ட ஒரு பல், 2022 ஜூன் 20 அன்று இந்த நகரில்தான் குடும்பத்தாரிடம் ஒப்படைக்கப்பட்டது. அந்த ஒரு பல்லைத்தான் பெட்டியில் வைத்து ஊருக்குக் கொண்டுபோனார்கள்.

சதுக்கத்திலிருந்து கடைத்தெருவுக்குள் நடந்தோம். ஒரு கடையில் மரவள்ளி இலை கட்டுக்கட்டாக இருந்தது. காங்கோவில் இடித்துச் செம்பனை எண்ணெயில் சமைப்பார்களாம். எங்கள் வீட்டில் கொழுந்தைத் தேங்காய்ப்பாலில், நெத்திலிக் கருவாடு போட்டு. ஜப்பான்காரன் காலத்தில் தோட்டத்துச் சனம் உயிர் பிழைத்ததே இந்தச் செடியால் என்று பாட்டி சொல்வார். நான் இலையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தபோது கடைக்கார அம்மா, என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர், பிரெஞ்சில் ஏதோ கேட்டார். 'மாமா' என்று தொடங்கியது மட்டும் காதில் விழுந்தது.

"என்ன கேட்கிறாங்க?"

"மாமான்னா அம்மா. எத்தனை கட்டு வேணும், நீங்க எந்த ஊர்லேருந்து வர்றீங்கன்னு கேக்கறாங்க." மகள் சற்று நிறுத்திச் சொன்னாள். "'வூ' போட்டுக் கேக்கறாங்கம்மா. 'நீங்க'ன்னு."

இரண்டு கட்டு வாங்கினோம். தேங்காய்ப்பால் டப்பாவில்தான் கிடைத்தது. அடுப்பில் இலை வெந்துகொண்டிருக்கிறது. நெத்திலியை வறுக்க வேண்டும், எழுந்திருக்கிறேன்.